பழைய ராணுவ ரைஃபிளின் போல்ட் இறுகிப்போனால், சுத்தியலைத் தொடும் முன்

கேள்வி இதுதான்: தாத்தா விட்டுச் சென்ற .303 லீ-என்ஃபீல்டு, நம்பர் 1 மார்க் 3. பல வருடம் பெட்டிக்குள் கிடந்தது. போல்ட்டின் (குழலின் பின்முனையை மூடித் திறக்கும் இரும்பு உருளை) கைப்பிடியை மேலே தூக்க முடியவில்லை, டிரிகரும் அசையவில்லை. உள்ளே தோட்டா இருக்கிறதா என்று தெரியாது. ஒரு நண்பர் சுத்தியலால் தட்டச் சொல்கிறார், இன்னொருவர் காஸ் விளக்கால் சூடுபடுத்தச் சொல்கிறார். எதைச் செய்வது?

இரண்டையும் செய்யாதீர்கள். போல்ட்டை எது பிடித்து வைத்திருக்கிறது என்று தெரியும்வரை அதன் மேல் பலம் காட்டக் கூடாது. துரு பிடித்திருக்கலாம், காய்ந்த கிரீஸ் பிடித்திருக்கலாம், சேம்பருக்குள், அதாவது குழலின் பின்பகுதியில் தோட்டா உட்காரும் அறைக்குள், ஒட்டிப்போன பித்தளைத் தோட்டாக் கூடு பிடித்திருக்கலாம். அல்லது ரைஃபிளே தன்னைப் பூட்டிக்கொண்டு நிற்கலாம். உங்கள் கேள்வியில் ஒரு முக்கியமான தடயம் இருக்கிறது. டிரிகரும் அசையவில்லை என்கிறீர்கள். போல்ட் துருப்பிடித்தால் போல்ட் மட்டும்தான் இறுகும், டிரிகர் பெரும்பாலும் ஓரளவாவது ஆடும். இரண்டும் சேர்ந்து நின்றுபோயிருந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் ஹாஃப் காக், அதாவது சுடும் பொறி பாதி இழுபட்டு நிற்கும் நிலை. அதற்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் தோட்டா விஷயம்.

உள்ளே தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். லீ-என்ஃபீல்டில் போல்ட் மூடியிருந்து, காக்கிங் பீஸ் (போல்ட்டின் பின்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு) முழுக்க முன்னால் போயிருந்தால், தோட்டாவை அடிக்கும் ஸ்டிரைக்கர் ஊசியின் முனை போல்ட் முகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சேம்பரில் உயிருள்ள தோட்டா இருந்தால் அந்த முனை பிரைமரை, அதாவது தோட்டாவின் அடியில் அடிபட்டதும் தீப்பிடிக்கும் சிறு மூடியை, தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் பின்னாலிருந்து ஒரு தட்டு தட்டினால் போதும், வெடித்துவிடும். சுத்தியல் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். சூடுபடுத்தினால் தோட்டா தானாகவே வெடிக்கலாம். அப்படி வெடிக்காவிட்டாலும், போல்ட்டுக்கும், அது ஓடும் ரிசீவர் என்ற இரும்பு உடலுக்கும் தொழிற்சாலையில் கொடுத்த பதம் போய்விடும். பதம் போன ரைஃபிளைப் பிறகு யாரும் நம்பிச் சுட முடியாது. எண்ணெய் ஊற்றிவிட்டேன், மருந்து நமத்துப் போயிருக்கும் என்று நினைப்பதும் தப்பு. பல வருடம் கழித்தும் வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு.

பெட்டியிலிருந்து எடுத்ததும் குழல் வாயை ஆளில்லாத, தடித்த மண் அல்லது சுவர் இருக்கும் திசைக்குத் திருப்பி வையுங்கள். வேலை முடியும்வரை அது அங்கேயே பார்க்கட்டும். இடது பக்கம் பின்னால் இருக்கும் சேஃப்டி நெம்புகோல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். முன்னால் சாய்ந்திருந்தால் சுடத் தயார், பின்னால் சாய்ந்திருந்தால் சேஃப்டி போட்டிருக்கிறது. முன்னால் இருந்து, கையால் எளிதில் நகர்ந்தால், பின்னால் தள்ளி வையுங்கள். நகராவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்து மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) கழற்றுங்கள். அதன் தாழ் டிரிகர் வளையத்துக்குள்ளேயே டிரிகருக்கு முன்னால் இருக்கிறது, மேல்நோக்கி அமுக்கினால் விடும். விரல் டிரிகர் மேல் படாமல் செய்ய வேண்டும். மேகசின் வெளியே வந்தால் போல்ட்டின் அடிப்பாகம் கண்ணுக்குத் தெரியும். மேகசின் உதடுகள் வளைந்து போல்ட்டின் அடியில் முட்டிக்கொண்டிருந்த துப்பாக்கிகள் உண்டு. அப்படிப்பட்டதில் மேகசினைக் கழற்றினாலே பாதிப் பிரச்சினை முடிந்துவிடும்.

இப்போது கம்பிச் சோதனை. இதைப் பொறுமையாகச் செய்யுங்கள். குழலுக்குள் தாராளமாகப் போகும் பித்தளைக் கம்பியோ நேரான மரக்குச்சியோ, முனை மட்டமாக இருப்பது ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று, கம்பியை இரண்டு விரலால் பக்கத்திலிருந்து பிடித்து மெதுவாக உள்ளே விடுங்கள். கம்பியின் முனையில் உள்ளங்கையை வைத்துத் தள்ளக் கூடாது, இடிக்கவும் கூடாது. அது தானாக எங்கே நிற்கிறதோ, அந்த இடத்தில் குழல் வாய் மட்டத்துக்குக் கம்பியில் ஒரு கோடு போட்டு வெளியே எடுத்து அளந்து பாருங்கள். இந்த ரைஃபிளின் குழல் நீளம் 25.2 அங்குலம், அதாவது சுமார் 64 செ.மீ. கம்பி 64 செ.மீ. போனால் அது போல்ட் முகத்தைத் தொட்டிருக்கிறது, சேம்பர் காலி. .303 தோட்டாவின் முழு நீளம் சுமார் 78 மி.மீ. ஆகவே கம்பி சுமார் 56 செ.மீ. ஆழத்திலேயே நின்றால், அங்கே குண்டோடு கூடிய தோட்டா உட்கார்ந்திருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சுட்டு முடித்த வெறும் கூடு சேம்பரில் இருந்தால் கம்பி அதன் வாய்க்குள் நுழைந்து அடிவரை போய்விடும். 64-க்குச் சில மில்லிமீட்டர்தான் குறையும். காலி சேம்பருக்கும் வெறும் கூட்டுக்கும் உள்ள வித்தியாசம் அளவில் தெளிவாகத் தெரியாது. பரவாயில்லை, வெறும் கூடு வெடிக்காது. வேறு எங்கே கம்பி நின்றாலும் கவனம் தேவை. குழலுக்குள் துரு மேடு இருக்கலாம், யாரோ அடைத்த துணி இருக்கலாம், குளவிக்கூடு இருக்கலாம், பாதி வழியில் நின்ற குண்டு இருக்கலாம். குண்டில்லாத ஒலித் தோட்டா என்றால் 58 செ.மீ. வாக்கில் நிற்கும். அதிலும் மருந்து இருக்கிறது.

அளவு 64-க்கு ஒட்டி வராமல் எங்கே நின்றாலும் உங்கள் வேலை அத்தோடு முடிந்தது. ரைஃபிளை அப்படியே வைத்துவிட்டு, உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கையோ காவல்துறையையோ வரவழையுங்கள். அதை வண்டியில் போட்டு நீங்களே எடுத்துப் போக வேண்டாம். உரிமம், பரம்பரை உடைமை மாற்றம் ஆகியவற்றுக்கு நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அந்தத் தாள்கள் சரியாக இருக்கின்றனவா என்றும் இதே சமயத்தில் பார்த்துவிடுங்கள்.

சேம்பர் காலி என்று உறுதியானபின் நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கட்டையிலோ உலோகத்திலோ 'டிபி' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கென்று ஒதுக்கிய ரைஃபிள். போல்ட் ஓரத்திலோ ரிசீவரிலோ வெல்டிங் மணி தெரிந்தால் அது சட்டப்படி செயலிழக்கச் செய்யப்பட்ட துப்பாக்கியாக இருக்கலாம். அப்படிப்பட்ட பலவற்றில் போல்ட்டையே பற்றவைத்துவிடுவார்கள். எத்தனை நாள் எண்ணெய் ஊற்றினாலும் அது திறக்காது, திறக்க முயல்வதும் பல நாடுகளில் சட்டத்துக்குப் புறம்பாகலாம்.

சரி, ஹாஃப் காக்குக்கு வருவோம். போல்ட்டின் பின்முனையில் கட்டைவிரலால் பிடிக்கும்படி ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். முந்தைய துப்பாக்கிகளில் அது உருண்டைக் குமிழ், போர்க்காலத் தயாரிப்புகளில் பக்கவாட்டில் வரி வெட்டிய தட்டை. அதுதான் காக்கிங் பீஸ். அது நிற்கக்கூடிய இடங்கள் மூன்று. முழுக்க முன்னால் போய் ஓய்ந்திருக்கலாம். நன்றாகப் பின்வாங்கி முழுக் காக்கில் நிற்கலாம். இரண்டுக்கும் நடுவில், ஓய்ந்த நிலையிலிருந்து கொஞ்சமே பின்வாங்கி, இடைவெளி விட்டு நின்றால் அது ஹாஃப் காக். காக்கிங் பீஸின் அடியில் இரண்டு வெட்டுகள் இருக்கின்றன. அரை வெட்டுக்குள் சியரின் (டிரிகரோடு இணைந்து காக்கிங் பீஸைப் பிடித்து நிறுத்தும் துண்டு) மூக்கு ஆழமாக உட்கார்ந்துவிட்டால் டிரிகரால் அதை இழுக்க முடியாது. போல்ட்டும் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். இது பழுதே இல்லை. இந்த ரைஃபிளை அப்படித்தான் வடிவமைத்தார்கள். காக்கிங் பீஸைக் கையால் பிடித்து மெதுவாக முன்னால் விட முயன்ற யாரோ பாதியில் விட்டிருப்பார்கள். அப்படியே பெட்டிக்குள் போயிருக்கும்.

இதற்கு மருந்து ரொம்பச் சின்னது. சேஃப்டியை முன்னால் தள்ளி, டிரிகரைத் தொடாமல், காக்கிங் பீஸைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுகப் பிடித்து நேராகப் பின்னால் இழுங்கள். ஸ்பிரிங் கனமானது, வியர்வைக் கை வழுக்கும், ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். 'டக்' என்று சியர் முழு வெட்டில் விழும் சத்தம் கேட்கும். அப்புறம் கைப்பிடியைத் தூக்கிப் பாருங்கள். பல வருடம் யாரும் திறக்காத ஒரு ரைஃபிள் இந்த ஒரு இழுப்பில் திறந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதன் கைப்பிடியில் சுத்தியல் அடித்த மூன்று தழும்புகள் இருந்தன. அடித்தவருக்கு இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அந்தத் தழும்புகள் விழுந்தே இருக்காது.

சேஃப்டியும் இதேபோல் போல்ட்டைப் பூட்டும். நெம்புகோல் பின்னால் சாய்ந்து துருப்பிடித்து நின்றிருந்தால், முதலில் எண்ணெய் காட்ட வேண்டியது அதற்குத்தான், போல்ட்டுக்கு அல்ல.

இந்த இரண்டும் இல்லை, காக்கிங் பீஸ் முன்னாலோ முழுக் காக்கிலோ சரியாக நிற்கிறது, ஆனாலும் கைப்பிடி அசையவில்லை என்றால் அப்போதுதான் துருவையும் கிரீஸையும் பற்றி யோசிக்க வேண்டும். லீ-என்ஃபீல்டில் போல்ட்டை முன்னால் தள்ளும்போதுதான் மெயின் ஸ்பிரிங் இறுகும். வேறு பழைய ராணுவ ரைஃபிள்களான மௌசர் 98-லும் மோசின்-நாகாந்திலும் கைப்பிடியைத் தூக்கும்போதே இறுகும். ஆகவே மௌசரில் தூக்குவது கனமாக இருந்தால் அதில் ஸ்பிரிங்கின் பங்கும் உண்டு. லீ-என்ஃபீல்டில் தூக்குவது இலேசாக இருக்க வேண்டும். கனமாக இருந்தால் ஸ்பிரிங் மேல் பழி போடாதீர்கள், வேறு எதுவோ பிடித்திருக்கிறது.

அந்த வேறு எதுவோ பெரும்பாலும் இருக்கும் இடம் போல்ட்டின் பின்பகுதி. இந்த ரைஃபிளில், சுடும்போது போல்ட் பின்னால் வராமல் பூட்டும் காதுகள் பின்னால் இருக்கின்றன. மௌசரிலும் மோசினிலும் அவை முன்னால், குழலை ஒட்டி. இடம் தெரிந்தால் எண்ணெயை எங்கே விட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். மேகசின் குழியிலிருந்து மேல்நோக்கியும், கைப்பிடி ரிசீவரைச் சந்திக்கும் இடுக்கிலும், காக்கிங் பீஸ் ஓடும் பள்ளத்திலும் துருநீக்கி எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். டபிள்யூடி-40 எல்லோர் வீட்டிலும் இருக்கும். ஆனால் அதன் பெயரே ஈரத்தை விரட்டுவது என்பதைத்தான் சொல்கிறது, ஆழமான துருவுக்கு அதைவிடத் தனியாக விற்கும் துருநீக்கி எண்ணெய் நல்லது. அரக்குப் போல் பழுப்பாகக் காய்ந்த பொருள் ஓரங்களில் தெரிந்தால் அது துரு இல்லை, கிடங்கில் வைப்பதற்காகப் பூசிய காஸ்மோலின். அதற்கு மண்ணெண்ணெய்தான் சரியான கரைப்பான். சேம்பர் காலி என்று உறுதியாகத் தெரிந்தபின், முடி உலர்த்தும் கருவியின் இளஞ்சூட்டைக் காட்டினால் இளகி ஒழுகும். அதைவிட அதிகச் சூடு வேண்டவே வேண்டாம்.

கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. மண்ணெண்ணெயும் அசிட்டோனும் பழைய மரத்தின் எண்ணெய்ப் பூச்சைக் கரைத்துவிடும், அதனால் சுற்றிலும் துணி வைத்து மறைத்துவிட்டு வேலை செய்யுங்கள். கட்டையைக் கழற்றிவிடலாம் என்று பின்கட்டையின் நீளப் போல்ட்டைத் திருகப் போகாதீர்கள். நம்பர் 1 வகையில் அந்தப் போல்ட்டின் சதுர முனை முன்கட்டைக்குள் இருக்கும் ஒரு தகட்டில் மாட்டியிருக்கிறது. முன்கட்டையை எடுக்காமல் அதைத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். நூறு வருட மரம் இப்படிப் பிளப்பதைப் பார்ப்பது எனக்கு மனவேதனை. கழற்றியே ஆக வேண்டும் என்றால் முதலில் முன்கட்டை, பிறகுதான் பின்கட்டை.

எண்ணெய் விட்டபின் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் இப்படி இறுகுகிறது. அந்த இடுக்கில் எண்ணெய் ஊர்ந்து போக நேரம் வேண்டும். மறுநாள் பின்கட்டையைத் தடித்த துணியோடு வைஸில் இலேசாகப் பிடித்து, கைப்பிடியை முதலில் கீழ்நோக்கி அமுக்குங்கள், அப்புறம் மேலே. கீழே, மேலே. மயிரிழை அசைந்தாலும் விரலுக்குத் தெரியும். அசைந்த இடத்தில் மறுபடி எண்ணெய். அசையவே இல்லையென்றால் கொட்டாப்புளியோ நைலான் சுத்தியலோ எடுத்து, கைப்பிடியின் அடியில், போல்ட்டோடு சேரும் இடத்துக்கு அருகில், கீழிருந்து மேலாகச் சிறு சிறு தட்டாகத் தட்டலாம். நுனிக் குமிழில் அடித்தால் கைப்பிடி வளையும். காக்கிங் பீஸ் மேல் மட்டும் என்றைக்கும் தட்டாதீர்கள். பின்கட்டையைத் தரையில் குத்திக் கைப்பிடியைக் காலால் மிதிக்கும் வித்தை ஒன்று உண்டு. அப்போது குழல் வாய் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், அதையும் செய்யாதீர்கள். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

கைப்பிடி எழுந்துவிட்டது, ஆனால் போல்ட் பின்னால் வர மறுக்கிறது என்றால் அது வேறு நோய். இப்போது காதுகள் விடுபட்டுவிட்டன, பிடித்திருப்பது பெரும்பாலும் சேம்பரில் ஒட்டிய வெறும் கூடு. கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி ரொம்பச் சின்னது. அதை நம்பி முரட்டுத்தனமாக இழுத்தால் கூட்டின் விளிம்பு கிழியும், அல்லது கொக்கி உடையும். ரைஃபிளை வாய் மேலாக நிறுத்தி, குழல் வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு நாள் வையுங்கள். பிறகு எண்ணெயை வடித்துவிட்டு, அளந்த அதே பித்தளைக் கம்பியை உள்ளே விட்டு, கூட்டின் அடியில் மெல்லத் தட்டிக்கொண்டே இன்னொருவர் போல்ட்டைப் பின்னால் இழுக்கட்டும். கம்பி 64-க்கு ஒட்டிப் போன துப்பாக்கிக்கு மட்டும்தான் இந்த வழி என்பதை மறுபடி சொல்லிவிடுகிறேன்.

.303-க்கே உரிய இன்னொரு கோளாறு உண்டு. ராணுவச் சேம்பர்கள் தாராளமாகக் குடையப்பட்டவை, காதுகள் பின்னால் இருப்பதால் சுடும்போது போல்ட் சற்று அமுங்கவும் செய்யும். அதனால் சில கூடுகள் அடிக்கு மேலே வளையமாக இற்றுப்போய் இரண்டாகப் பிரியும். அடித்துண்டு வெளியே வந்துவிடும், முன்பாதி சேம்பரிலேயே ஒட்டிக்கொள்ளும். தெரியாமல் அடுத்த தோட்டாவைத் தள்ளினால் அது பாதியில் நின்று, போல்ட் மூடவும் மூடாது, திறக்கவும் அடம்பிடிக்கும். உங்களுடைய கைப்பிடி முழுக்கக் கீழே இறங்காமல் நடுவழியில் நிற்கிறது என்றால் இதையும் சந்தேகியுங்கள். உள்ளே உயிருள்ள தோட்டா இருக்கக்கூடிய நிலை அது. அதை மெக்கானிக் பார்த்துக்கொள்ளட்டும். உடைந்த கூட்டின் முன்பாதியை எடுப்பதற்கென்றே படைவீரர்களுக்கு ஒரு சிறு கருவி இருந்தது.

வேறு ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு: மௌசர் 98-ன் பின்னால் உள்ள சேஃப்டி இறக்கைக்கு மூன்று நிலை. வலப்பக்கம் சாய்ந்திருந்தால் போல்ட் பூட்டியிருக்கும், நேராக நின்றால் போல்ட் திறக்கும் ஆனால் சுடாது. மோசினில் காக்கிங் பீஸைப் பின்னிழுத்து இடப்பக்கம் திருப்பிவிட்டால் அதுதான் சேஃப்டி, அப்போதும் போல்ட் திறக்காது. மோசினில் சுட்டபின் மட்டும் போல்ட் ஒட்டினால் சேம்பருக்குள் மீந்த காஸ்மோலினைப் பாருங்கள். சூடேறியதும் அது இளகி, ஆறியதும் கூட்டைப் பசைபோல் பிடித்துக்கொள்ளும்.

திறந்தபின் போல்ட்டை வெளியே எடுங்கள். நம்பர் 1-ல் அதைக் கடைசிவரை பின்னால் இழுத்து, முன்முனையில் இருக்கும் போல்ட் தலையை வலப்பக்கத்திலிருந்து மேலே தட்டிவிட்டால் வெளியே வந்துவிடும். கைப்பிடியின் பின்பக்கத்து எண்ணையும் ரிசீவர் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காதுகள் இரண்டும் சமமாகப் பதியும்படி ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தனித்தனியாகப் பொருத்திய போல்ட் அது. எண் மாறியிருந்தால் வேறு ரைஃபிளின் போல்ட்டை யாரோ மாட்டியிருக்கிறார்கள், இறுகியதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். எண் ஒன்றாக இருந்தாலும், போல்ட் மூடியபின் தோட்டாவுக்குக் கிடைக்கும் இடமான சேம்பர் இடைவெளியை அளவுக் கருவி (கேஜ்) வைத்து ஒரு மெக்கானிக் பார்க்கும்வரை இந்த ரைஃபிளைச் சுட வேண்டாம்.

கடைசியாகக் குழல். பழைய .303 தோட்டாக்களின் பிரைமரில் குளோரேட் உப்பு இருந்தது. சுட்டபின் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். எண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் போல்ட்டை எடுத்தபின், புனல் வைத்துக் கொதிநீரை சேம்பர் பக்கத்திலிருந்து குழல் வழியாக ஊற்றுங்கள். அந்தக் காலப் படைவீரர்களும் அப்படித்தான் செய்தார்கள். உலோகம் சூடேறுவதால் தண்ணீர் தானே உலர்ந்துவிடும். மீதி ஈரத்தைத் துணியால் துடைத்து, பித்தளை பிரஷ் போட்டு, மெல்லிய எண்ணெய் பூசி வையுங்கள். மறுநாள் வெள்ளைத் துணி ஒன்றைக் குழலுக்குள் விட்டு எடுத்துப் பாருங்கள். பழுப்பாக வந்தால் கொதிநீரிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எனக்கு ஒருமுறை துணி வெள்ளையாக வருவதற்கு ஐந்து நாள் ஆனது.